1 யோவான் 5:7 காட்டி மாட்டிக்கொண்டேன். நம்மில் யார்தான் பைபிளை ஒழுங்காகப் படித்திருக்கிறோம்?

பால்வெட்டு பேரன்:

வணக்கம். எங்கே கேட்பது என்று தெரியாமல் இங்கே கேட்கிறேன். கொஞ்சம் நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம். தாத்தா பாட்டி காலத்தில் ரப்பர் தோட்டம், இப்போது சுற்றிலும் செம்பனை. நாங்கள் தோட்டத்து வீட்டைக் காலி செய்துவிட்டு டவுன் தாமான் குடியிருப்புக்கு வந்து இருபது வருடமாகிறது. மூன்று தலைமுறையாகக் கிறிஸ்தவக் குடும்பம், நான் பத்து வருடமாகச் சபையில் கித்தார் வாசிக்கிறேன், வாலிபர் கூட்டத்தில் ஜெபம் நடத்துவேன். அதாவது வெளியிலிருந்து பார்த்தால் விவரம் தெரிந்த ஆள்.

போன சனிக்கிழமை ராத்திரி பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒட்டுக்கடையில் ஒரு நண்பனோடு உட்கார்ந்திருந்தேன். தமிழ்ப்பள்ளியில் ஆறு வருடம் ஒரே பெஞ்சு, இப்போது ஈப்போவில் வேலை. சாமி கும்பிடுகிற வீட்டுப் பையன்தான், ஆனால் கொஞ்ச காலமாக எதையும் நம்புவதில்லை, வீடியோ நிறையப் பார்க்கிறான். பேச்சு எங்கெங்கோ போய், "உங்க திரித்துவம் பைபிள்லயே இல்லையாமே, அப்புறமா சேர்த்ததாமே" என்றான். பிதா, குமாரன், பரிசுத்த ஆவி மூவரும் ஒரே தேவன் என்பதைத்தான் திரித்துவம் என்கிறோம். எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம், ஏனென்றால் அதற்கு ஒரு வசனம் என் கையில் இருந்தது. போனைத் திறந்து 1 யோவான் 5:7 காட்டினேன். "பரலோகத்திலே சாட்சியிடுகிறவர்கள் மூவர், பிதா, வார்த்தை, பரிசுத்த ஆவி என்பவர்களே, இம்மூவரும் ஒன்றாயிருக்கிறார்கள்." முடிந்தது கதை என்று நினைத்தேன்.

அவன் நிதானமாகத் தன் போனில் மலாய் பைபிளான அல்கிதாப்பைத் திறந்தான். அதே இடம்தான், ஆனால் அந்த வரி அடைப்புக்குறிக்குள் இருந்தது. அப்புறம் புதிய தமிழ் மொழிபெயர்ப்பான திருவிவிலியத்தைத் தேடி எடுத்தான். அதில் அந்த வரியே இல்லை. ஆவி, நீர், இரத்தம் என்று மட்டும் இருக்கிறது. "ஒண்ணுல இருக்கு, ஒண்ணுல கூண்டுக்குள்ள இருக்கு, ஒண்ணுல ஆளையே காணோம், என்னடா இது" என்று சிரித்தான். கேலியாகச் சிரித்திருந்தாலாவது சண்டை போட்டிருப்பேன். பாவம் பார்த்துச் சிரித்தான். என் தே தாரிக் டீயில் ஆடை படிந்துவிட்டது, அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியில் "விசுவாசம்னா அப்படித்தான், நம்பணும்" என்று ஏதோ சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றினேன்.

அவன் கேட்டதைவிட நான் சொன்ன அந்தப் பதில்தான் தூங்கவிட மாட்டேன் என்கிறது. மறுநாள் சபையில் ஒரு பெரியவரிடம் சொன்னேன். "அதையெல்லாம் நோண்டாதேப்பா, நோண்டினால் உள்ளதும் போயிடும்" என்றார். அவர் நல்ல மனுஷர், அன்பாகத்தான் சொன்னார். ஆனாலும் நோண்டினால் போய்விடும் என்றால் அது என்ன விசுவாசம் என்று வண்டி ஓட்டும்போதெல்லாம் தோன்றுகிறது.

கேள்வி இவ்வளவுதான். அந்த வரி உண்மையிலேயே பின்னால் நுழைந்ததா? அப்படியென்றால் நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? செம்பனை மில்லில் ஷிப்ட் வேலை செய்கிற என்னைப் போன்றவன் இதையெல்லாம் படித்து எந்தக் காலத்தில் தேறுவது?

---

ஞாயிறு பள்ளி அக்கா:

தம்பி, முதலில் மூச்சு விடுங்கள். நான் பிள்ளைகளுக்கு ஞாயிறு பள்ளி எடுக்கிறவள். இதே வசனத்தில் நானும் ஒரு காலத்தில் முழித்திருக்கிறேன், அதனால் தேடிப் படித்தேன்.

உங்கள் நண்பர் சொன்னது அந்த வரியைப் பொறுத்தமட்டில் சரிதான். நான்காம் நூற்றாண்டைச் சேர்ந்த சினாய், வத்திக்கான் கையெழுத்துப் பிரதிகள் என்று இரண்டு இருக்கின்றன, கிரேக்கப் பிரதிகளில் பெயர்பெற்றவை. இரண்டிலும் அந்த வரி கிடையாது. அது லத்தீன் பிரதிகள் வழியாக வந்தது. எராஸ்மஸ் என்ற அறிஞர் கிரேக்கப் புதிய ஏற்பாட்டை 1516-இல் அச்சிட்டபோது அதைச் சேர்க்கவில்லை, 1519-இல் இரண்டாம் பதிப்பு, அதிலும் இல்லை. ஏன் விட்டாய் என்று நாலு பக்கமும் சத்தம். 1522-இல் மூன்றாம் பதிப்பில் சேர்த்துவிட்டார். அந்த வழியில் வந்த கிரேக்க மூலபாடத்திலிருந்து 1611-இன் ஆங்கில பைபிள், நம் பழைய தமிழ் மொழிபெயர்ப்பு எல்லாவற்றிலும் அது உட்கார்ந்துகொண்டது. லூத்தர் தாம் உயிரோடு இருந்தவரை வெளியிட்ட ஜெர்மன் பெயர்ப்பில் அது இல்லை. திருவிவிலியம் 1995-இல் வந்தது, பழைய கிரேக்கப் பிரதிகளைப் பார்த்துச் செய்தது, அதனால் அதில் இல்லை. யாரோ ராத்திரியோடு ராத்திரியாகப் பைபிளை மாற்றிவிட்ட கதை இல்லை இது. எந்தப் பிரதியில் இருக்கிறது, எதில் இல்லை என்பது வெளிப்படையாகக் கிடக்கிறது, அதைச் சொன்னவர்களில் பாதிப்பேர் கிறிஸ்தவ அறிஞர்களே.

இப்போது உங்கள் நண்பர் யோசிக்காத பக்கத்துக்கு வாருங்கள். இயேசு தேவனா, படைக்கப்பட்டவரா என்று ஆரியுஸ் கிளப்பிய பெரிய சண்டை நான்காம் நூற்றாண்டில் நடந்தது, 325-இல் நிசேயாவில் சபைத் தலைவர்களின் சங்கம் கூடியதும் அதற்காகத்தான். கிரேக்கத்தில் எழுதிய சபைப் பிதாக்கள் பக்கம் பக்கமாக வாதாடினார்கள். "இம்மூவரும் ஒன்றாயிருக்கிறார்கள்" என்று ஒரு வரி அவர்கள் கையில் இருந்திருந்தால் விட்டிருப்பார்களா? முதல் பக்கத்திலேயே போட்டு அடித்திருப்பார்கள். அவர்கள் அதை எடுக்கவே இல்லை. அப்படியென்றால் அந்த வரி இல்லாமலேயேதான் அவர்கள் திரித்துவத்தை வாதாடி நிறுத்தினார்கள். அவர்கள் எடுத்தது யோவான் முதல் அதிகாரம் போன்ற பகுதிகளை.

நீங்களும் அங்கே போயிருக்க வேண்டும். யோவான் 1:1, 1:14, வார்த்தை தேவனாயிருந்தது, அந்த வார்த்தை மாம்சமானது என்கிறவை. பிறகு யோவான் 20:28, தோமா "என் ஆண்டவரே, என் தேவனே" என்று சொன்னது. மத்தேயு 28:19-ஐக் கவனித்து வாசியுங்கள், பிதா குமாரன் பரிசுத்த ஆவியின் "நாமத்திலே" என்று ஒருமையில் இருக்கிறது, நாமங்களிலே என்று இல்லை. திரித்துவம் என்ற சொல் பைபிளில் இல்லை என்று அவர் சொன்னால், ஆமாம் இல்லை என்று ஒத்துக்கொள்ளுங்கள். இல்லாததை இருக்கிறது என்று சாதிக்கப் போய்த்தான் இருப்பதும் சந்தேகத்துக்கு ஆளாகிறது.

---

லயத்து மாமா:

எல்லாம் சரிம்மா. ஆனால் ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று ஒன்று உண்டு. என் அம்மாவுக்குக் கையெழுத்து வராது, சம்பளப் புத்தகத்தில் கைநாட்டுத்தான். எராஸ்மஸும் தெரியாது, எவனையும் தெரியாது. விடியாத இருட்டில் தலையில் லாம்பு கட்டிக்கொண்டு ரப்பர் பால் வெட்டப் போனவள். அவள் விசுவாசத்தை எவனாலும் அசைக்க முடியவில்லை. இப்போது படித்த பிள்ளைகள்தான் ஒரு வீடியோ பார்த்துவிட்டு ஆடிப்போகிறீர்கள். நமக்குக் குறைச்சல் படிப்பா, முழங்காலா?

---

பால்வெட்டு பேரன்:

அக்கா, ரொம்ப நன்றி. அந்த நிசேயா விஷயம் எனக்கு இதுவரை யாரும் சொல்லாதது.

மாமா, நீங்கள் சொன்னதும் எங்கள் பாட்டி ஞாபகம் வந்துவிட்டது. அவரும் பால் வெட்டியவர்தான், எழுத்துத் தெரியாது. ஆனால் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். பாட்டிக்கு 91-ஆம் சங்கீதம் முழுக்க மனப்பாடம், 121-உம் அப்படியே. மலைப்பிரசங்கம் மூன்று அதிகாரத்தையும் தாத்தா வாசிக்க வாசிக்கக் கேட்டே மனதில் ஏற்றியவர். பாஸ்டர் பிரசங்கத்தில் ஒரு வசனத்தை மாற்றிச் சொன்னால் வீட்டுக்கு வரும் வழியிலேயே தாத்தாவை நிறுத்தி, அந்த இடத்தை வாசிக்கச் சொல்லிச் சரிபார்ப்பார். ஒருமுறை செம்மண் ரோட்டில் நட்ட நடு வெயிலில் நிறுத்தி வாசிக்கச் சொன்னார் என்று அம்மா இப்போதும் சொல்லிச் சிரிப்பார். எழுத்துத்தான் தெரியாதே தவிர, அவர் படித்தவர் மாமா. நான் எழுத்துத் தெரிந்தும் படிக்காதவன்.

எங்கள் வீட்டில் அதே பைபிள் இன்னும் இருக்கிறது. நேற்று எடுத்துத் திறந்தேன். உள்ளே என் பிறப்புப் பத்திரத்தின் நகல், பழைய கரண்டு பில் இரண்டு, யாரோ செத்த காரியத்துக்கு அடித்த அட்டை, தாத்தாவின் பாஸ்போர்ட் சைஸ் படம். நாங்கள் அதை அலமாரியாகத்தான் வைத்திருந்திருக்கிறோம். சங்கீதம் பக்கங்கள் மட்டும் ஓரம் பழுத்துக் கருத்திருக்கின்றன, ரோமர் பக்கம் புத்தம் புதுசு.

---

லயத்து மாமா:

செம்மண் ரோட்டில் நிறுத்தி வாசிக்கச் சொன்னதா. சரி, நான் வாயை மூடிக்கொள்கிறேன்.

---

காவடிக்காரன்:

நான் இந்து, வருஷா வருஷம் தைப்பூசத்துக்குப் போகிற ஆள். தலைப்பைப் பார்த்து உள்ளே வந்தேன், விரட்டமாட்டீர்கள் என்று நினைக்கிறேன்.

எதிர்ப் பக்கத்தில் இருந்து ஒன்று சொல்கிறேன். நான் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவன், வாசலுக்கு எத்தனையோ பேர் துண்டுப் பிரசுரத்தோடு வந்திருக்கிறார்கள். பெரும்பாலும் இரண்டு மூன்று வசனம்தான் கையில் இருக்கும், ஊசி போடுகிற மாதிரி போட்டுவிட்டுப் போய்விடுவார்கள். நாம் ஒன்று கேட்டால் காதிலேயே விழாது, அடுத்த வசனம் வரும். சின்ன வயதில் ஒரு தடவை நான் குதர்க்கமாக ஒரு கேள்வி கேட்டேன். ஆதாம் ஏவாளுக்குக் காயீன், ஆபேல் என்று இரண்டு பிள்ளைகள், ஒருத்தன் இன்னொருத்தனைக் கொன்றுவிட்டான், அப்புறம் காயீனுக்குப் பெண்டாட்டி எங்கிருந்து வந்தாள்? நாலு பேரிடம் கேட்டேன். ஒருத்தர் "இதெல்லாம் பிசாசு கேட்கவைக்கிற கேள்வி" என்றே சொல்லிவிட்டார்.

ஐந்தாவதாக ஒருத்தர், தோட்டத்து ஆஸ்பத்திரியில் வேலை செய்தவர், "எனக்குத் தெரியலைப்பா, பார்த்துட்டு வரேன்" என்றார். வரமாட்டார் என்றுதான் நினைத்தேன். அடுத்த வாரம் சைக்கிளை நிறுத்திவிட்டு வந்து, ஆதியாகமம் 5:4 என்று விரலை வைத்துக் காட்டினார், ஆதாமுக்கு இன்னும் குமாரரும் குமாரத்திகளும் பிறந்தார்கள் என்று அதில் இருக்கிறது. அப்படியென்றால் தங்கச்சியையா கட்டினான் என்று நான் விடாமல் கேட்டேன். "அப்படித்தான் இருக்கணும், எனக்கும் அது ஒரு மாதிரியாத்தான் இருக்கு" என்றார். அந்தப் பதிலில் எனக்கு இன்றுவரை முழுத் திருப்தி கிடையாது, நான் மதம் மாறவும் இல்லை. ஆனால் உங்கள் மதத்தில் யாரையாவது மதிக்கிறேன் என்றால் அவரைத்தான்.

உங்கள் நண்பரிடம் "தெரியலை, பார்த்துட்டு வரேன்" என்று சொல்லியிருந்தால் அன்றைக்குத் தே தாரிக்காவது சூடாகக் குடித்திருக்கலாம்.

---

வியாழன் கூட்டம்:

மேலே எழுதிய அண்ணன் பாதி வேலையை முடித்துவிட்டார். நான் கூலிம் பக்கம், எங்கள் வீட்டில் வியாழன் ராத்திரி எட்டரைக்கு ஒரு சின்ன வேதபாடக் கூட்டம் நடக்கிறது, ஏழெட்டுப் பேர், அதில் இரண்டு பேர் ஷிப்ட் ஆட்கள், மாறி மாறித்தான் வருவார்கள். அதனால் நேரமில்லை என்பதை நான் ஒத்துக்கொள்ளமாட்டேன் தம்பி, கோபித்துக்கொள்ளாதீர்கள். கித்தார் பிராக்டிசுக்கு வாரம் எத்தனை மணி நேரம் போகிறது என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

விசுவாசத்துக்காகப் பேசுவது என்றாலே எல்லோரும் 1 பேதுரு 3:15 எடுப்பார்கள். "உங்களிலிருக்கிற நம்பிக்கையைக்குறித்து உங்களிடத்தில் விசாரித்துக் கேட்கிற யாவருக்கும் சாந்தத்தோடும் வணக்கத்தோடும் உத்தரவு சொல்ல" என்று நம் பழைய மொழிபெயர்ப்பில் இருக்கிறது. எங்கள் கூட்டத்துப் பிள்ளைகள் மலாய்ப் பள்ளியில் படித்தவர்கள், தமிழ் எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பார்கள். அதில் ஒருவன் கேட்டான், "அங்கிள், உத்தரவுன்னா ஆர்டர் போடறதா?" எல்லோரும் சிரித்தோம். அந்தக் காலத் தமிழில் உத்தரவு என்றால் மறுமொழி, விடை. கிரேக்கத்தில் அப்போலோகியா, கோர்ட்டில் நின்று தன் பக்கத்தைச் சொல்கிறது. ஆனால் பையன் கேட்டதில் ஒரு உண்மை இருக்கிறது பாருங்கள், நம்மில் பாதிப்பேர் பதில் சொல்லாமல் ஆர்டர்தான் போட்டுக்கொண்டிருக்கிறோம். சாந்தத்தோடும் வணக்கத்தோடும் என்ற இரண்டு சொல்லும் எங்கே போயின? அந்த நிருபம் யாருக்கு எழுதப்பட்டது என்றும் முதல் வசனத்தைப் பாருங்கள், பொந்து, கலாத்தியா என்று ஊர் ஊராகச் சிதறிக் கிடந்த பரதேசிகளுக்கு. நம் ஊரில் அது வசைச்சொல். பேதுரு வைத்து அழைத்த பெயர் அது. நம்மைப் போலச் சின்னக் கூட்டம், சுற்றி வேறு வேறு நம்பிக்கைக்காரர்கள், காலையில் எழுந்தால் அவர்கள் முகத்தில்தான் முழிக்க வேண்டும். வாதத்தில் ஜெயித்துவிட்டு ஊரைவிட்டுப் போய்விடுகிறவர்களுக்கு எழுதின கடிதம் இல்லை அது.

நாங்கள் செய்கிறது பெரிய வித்தை ஒன்றும் இல்லை. மாற்கு சுவிசேஷம், 16 அதிகாரம், ஏழு மாதம் எடுத்தோம். ஒருவர் பழைய தமிழில் வாசிப்பார், ஒருவர் திருவிவிலியத்தில், பிள்ளைகள் அல்கிதாப்பில். மூன்றும் ஒத்துப்போகாத இடம் வந்தால் அங்கே நிற்போம். உங்களுக்கு ஒட்டுக்கடையில் நடந்தது எங்களுக்கு வரவேற்பறையில் நடந்தது, அவ்வளவுதான். மாற்கு 16:9 முதல் 20 வரை அந்த இரண்டு பழைய பிரதிகளிலும் இல்லை, அதையும் மறைக்காமல் உட்கார்ந்து பேசினோம். ஒரு அம்மாவுக்கு அன்றைக்கு மனசே சரியில்லை, கூட்டம் முடிந்து ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தார். அப்புறம் நாங்கள் இயேசு உயிர்த்தெழுந்ததை மற்ற மூன்று சுவிசேஷத்திலும், 1 கொரிந்தியர் 15-இலும் வாசித்தோம். வெளியாள் சொல்லித் தெரிந்துகொள்வதற்கும் நம் வீட்டில் முறுக்கு கடித்துக்கொண்டே தெரிந்துகொள்வதற்கும் வித்தியாசம் உண்டு.

முன்னே பின்னே வாசிக்காமல் ஒற்றை வசனத்தைப் பிடுங்கி எடுப்பதுதான் நம் பெரிய வியாதி. உங்கள்மேல் சமாதானத்துக்கான நினைவுகளே வைத்திருக்கிறேன் என்று தேவன் சொல்கிற எரேமியா 29:11 எத்தனை வீட்டுக் காலண்டரில் தொங்குகிறது! பத்தாம் வசனத்தை யாராவது காலண்டரில் போட்டிருக்கிறார்களா? பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களிடம், அங்கே எழுபது வருஷம் முடிந்த பிறகுதான் திருப்பிக் கொண்டுவருவேன் என்கிறது. ஐந்தாம் வசனம் இன்னும் விசேஷம், அங்கேயே வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள் என்கிறது. அதை வாசித்தபோது எங்களில் ஒருவர் "தோட்டம் போட்டுக் கொடுத்துட்டுத்தானே வெளியே வந்தோம்" என்றார். யாரும் கொஞ்ச நேரம் பேசவில்லை.

இன்னொன்று, இது எனக்கு ரொம்பப் பிடித்தது. கல்லறைக்குப் போன பெண்கள் எத்தனை பேர், சுவிசேஷங்கள் ஆளுக்கொன்று சொல்கின்றனவே என்று அடிக்கடி கேட்பார்கள். யோவான் 20:1-இல் மகதலேனா மரியாள் ஒருத்திதான் போகிறாள். ஆனால் அடுத்த வசனத்தில் அவள் ஓடிவந்து "அவரை வைத்த இடம் எங்களுக்குத் தெரியவில்லை" என்கிறாள். எங்களுக்கு! கூட யாரோ போயிருக்கிறார்கள். 13-ஆம் வசனத்தில் தனியாக நின்று அழும்போது "எனக்குத் தெரியவில்லை" என்று மாறிவிடுகிறது. இதைக் கண்டுபிடிக்க கிரேக்கம் வேண்டாம், தமிழைக் கண்ணால் வாசித்தால் போதும். இருபது ஈஸ்டர் பிரசங்கம் கேட்டிருப்பேன், எனக்கு அது தெரிந்தது ஒரு வியாழக்கிழமை.

பெரோயா பட்டணத்தார் பவுல் சொன்னதையே, இப்படித்தான் இருக்கிறதா என்று தினமும் வேதத்தில் ஆராய்ந்து பார்த்தார்கள் என்று அப்போஸ்தலர் 17:11 சொல்கிறது. அவர்களை நற்குணசாலிகள் என்றுதான் எழுதியிருக்கிறது, நோண்டுகிறவர்கள் என்று இல்லை. உங்கள் சபைப் பெரியவரிடம் இதைச் சொல்லாதீர்கள், வயசானவர், மனசு கஷ்டப்படும். கூடக் கூப்பிட்டு உட்காரவைத்து வாசியுங்கள்.

---

ஞாயிறு பள்ளி அக்கா:

அந்த "எங்களுக்கு" எனக்கும் புதுசு. இந்த வாரம் பிள்ளைகளிடம் கேட்கப் போகிறேன், எத்தனை பேர் கண்டுபிடிக்கிறார்கள் என்று பார்க்கலாம்.

---

பால்வெட்டு பேரன்:

மறுபடியும் நான்தான். எல்லாருக்கும் நன்றி, காவடி அண்ணனுக்கு இரண்டு நன்றி.

நேற்று நண்பனுக்குப் போன் போட்டு, "அந்த வரி பின்னால் வந்ததுதான், நீ சொன்னது சரி, எனக்கு அன்னைக்குத் தெரியாது" என்று முதலில் அதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. நான் ஒத்துக்கொள்வேன் என்று அவன் எதிர்பார்க்கவில்லை போல. பிறகு நிசேயா விஷயத்தைச் சொன்னேன், யோவான் 1, யோவான் 20:28 இரண்டையும் வாசிக்கச் சொன்னேன். சரி பார்க்கிறேன் என்று வைத்துவிட்டான். அதோடு விட்டுவிடுவான் என்று நினைத்தேன்.

ராத்திரி பதினொன்றரைக்கு மெசேஜ் வருகிறது. "தோமா 'என் ஆண்டவரே, என் தேவனே'ன்னு சொன்னது, நாம திடுக்குன்னு 'அட கடவுளே'ன்னு சொல்ற மாதிரி ஏன் இருக்கக்கூடாது? ஆளைப் பார்த்துச் சொன்னான்னு எப்படிச் சொல்றே?"

நல்ல கேள்வி, பாவி. வரும் சனிக்கிழமை அதே ஒட்டுக்கடையில் பேசுவதாக இருக்கிறோம். இங்கே விவரம் தெரிந்தவர்கள் நிறையப் பேர் இருக்கிறீர்கள் என்று தெரியும், உங்களுக்குக் கை துறுதுறு என்று இருக்கும். தயவுசெய்து வெள்ளிக்கிழமை வரை யாரும் பதில் போடாதீர்கள். இந்த வாரம் எனக்கு ராத்திரி ஷிப்ட், பகலில் வீட்டில்தான் இருப்பேன். பாட்டியின் பைபிளில் இருந்த கரண்டு பில்லையெல்லாம் எடுத்து வேறு இடத்தில் வைத்தாயிற்று. 20-ஆம் அதிகாரத்தை முதலில் நான் ஒருமுறை உட்கார்ந்து வாசித்துவிடுகிறேன்.